ஆற்றங்கரையில் நான்காவது பலகை

மெம்பிஸுக்குப் போகிறவர்கள் எல்விஸ் பிரெஸ்லியின் வீட்டைப் பார்ப்பார்கள். மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட விடுதியைப் பார்ப்பார்கள். நான் இரண்டையும் பார்த்துவிட்டு, மூன்றாம் நாள் காலை அக்காள் மகனிடம் "சம்னருக்குப் போகணும்டா" என்றேன். நான்கு வருஷமாக அந்த ஊரில் வேலை செய்கிறவன் அவன். "அது எங்க இருக்கு மாமா?" என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

2024 செப்டம்பர். மிசிசிப்பி மாநிலத்துக்குள் நுழைந்து தெற்கே போகப் போக மேடு பள்ளமெல்லாம் ஓய்ந்து தரை தட்டையாகிவிட்டது. பருத்தி வெடிக்கத் தொடங்கியிருந்தது. ஒரே பயிர், ஒரே உயரம், நேர் கோட்டில் வரிசை. நடுநடுவே ஒரு தகரக் கொட்டகை. அரை மணி நேரம் போனாலும் மனுஷ நடமாட்டம் இல்லை. "செம்பனைத் தோட்டத்துக்குள்ள போற மாதிரியே இருக்கு மாமா. மரம் மட்டும்தான் குட்டை" என்றான். தோட்டத்தில் பிறந்த தாய்க்குப் பிள்ளை. அவன் கண்ணுக்கு அது சரியாகத்தான் பட்டிருக்கிறது. அங்கேயும் அதைத் தோட்டம் என்றுதான் சொல்கிறார்கள். பருத்திக்கும் கித்தாவுக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல்தான்.

நாங்கள் போனது டல்லஹாச்சி கவுண்டி. கவுண்டி என்பது மாநிலத்துக்குக் கீழே உள்ள நிர்வாகப் பிரிவு, நம் நாட்டில் மாவட்டம் போல. ஷெரீப், நீதிமன்றம், மேற்பார்வைக் குழு எல்லாம் அதற்கென்று தனியாக உண்டு. இந்தக் கட்டுரைக்கு அந்த எல்லைக்கோடு முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டல்லஹாச்சி என்பது சொக்டாவ் பூர்வகுடியினரின் மொழியிலிருந்து வந்த பெயர். 1830-இல் போடப்பட்ட ஓர் ஒப்பந்தத்தில் சொக்டாவ் மக்கள் மிசிசிப்பியில் மிச்சமிருந்த தங்கள் நிலத்தை அமெரிக்க அரசுக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. மூன்றே ஆண்டில், 1833-இல், அந்த மண்ணில் இந்தக் கவுண்டி உருவானது. மக்கள் போய்விட்டார்கள். ஆற்றுக்கும் கவுண்டிக்கும் அவர்கள் மொழிப் பெயர் மட்டும் நின்றுவிட்டது. அதன் பிறகு அடிமைகள், பருத்தி, உள்நாட்டுப் போர், அடிமை முறை ஒழிப்பு. ஒழிந்த பிறகும் நிலம் கைமாறவில்லை. விடுதலையானவர்களின் பிள்ளைகள் அதே நிலத்தில் வாரத்துக்குப் பயிரிட்டார்கள். விதை, உரம், அரிசி, துணி எல்லாம் முதலாளியிடம் கடன். அறுவடை முடிந்து கணக்குப் பார்த்தால் பாக்கி மிஞ்சும். இதை நம் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

இந்தக் கவுண்டிக்கு இரண்டு தலைநகர்கள். கிழக்கே குன்றுகள் தொடங்கும் இடத்தில் சார்ல்ஸ்டன். மேற்கே சமவெளியில் சம்னர். நடுவே ஆறு. இரண்டு ஊரிலும் நீதிமன்றம் இருக்கிறது. 1950-இல் முப்பதாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த கவுண்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 12,715 பேர். பருத்தி பறிக்க இயந்திரம் வந்தது, கைகளுக்கு வேலை போனது, ஜனங்கள் ரயிலேறி சிகாகோவுக்கும் டெட்ராய்ட்டுக்கும் போனார்கள். அதற்கு முன்பே போனவர்களும் நிறைய. சம்னருக்குப் பக்கத்திலேயே வெப் என்று ஒரு சின்ன ஊர். 1921-இல் அங்கே பிறந்த ஒரு பெண் குழந்தையை, அதற்கு இரண்டு வயதாக இருக்கும்போது, குடும்பம் வடக்கே கொண்டுபோய்விட்டது. அந்தக் குழந்தையின் பெயர் மேமி.

முப்பத்தொரு ஆண்டு கழித்து அவர் திரும்பி வந்தார். தன் மகனைக் கொன்றவர்களின் வழக்கில் சாட்சி சொல்ல.

எம்மெட் டில்லின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். சுருக்கமாகச் சொல்கிறேன். 14 வயது. சிகாகோவிலிருந்து விடுமுறைக்கு உறவினர் வீட்டுக்கு வந்த பையன். 1955 ஆகஸ்ட் 24-ஆம் தேதி, லெஃப்ளோர் கவுண்டியில் மனி என்னும் சிற்றூரின் மளிகைக் கடையில், கடைக்கார வெள்ளைப் பெண்ணைப் பார்த்து விசிலடித்தான் என்று பேச்சு. நான்கு நாள் கழித்து நள்ளிரவுக்குப் பின் அந்தப் பெண்ணின் கணவன் ராய் பிரையன்ட்டும் அவனுடைய தாய்வழிச் சகோதரன் ஜே. டபிள்யூ. மைலமும் துப்பாக்கியோடு வந்து, தாத்தா முறையான மோசஸ் ரைட்டின் வீட்டிலிருந்து பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆகஸ்ட் 31-ஆம் தேதி, டல்லஹாச்சி ஆற்றில் மீன்பிடிக்கப் போன 17 வயதுப் பையன் ஒருவன் தண்ணீரில் கால்கள் தெரிவதைக் கண்டான். 75 பவுண்ட், அதாவது 34 கிலோ எடையுள்ள பஞ்சு அரவை இயந்திரத்தின் விசிறியை முள்கம்பியால் கழுத்தில் கட்டி ஆற்றில் இறக்கியிருந்தார்கள். முகத்தை வைத்து அடையாளம் காண முடியவில்லை. விரலில் கிடந்த மோதிரத்தில் தகப்பனின் முதலெழுத்துகள் இருந்தன.

டல்லஹாச்சியின் ஷெரீப் எச். சி. ஸ்ட்ரைடர் உடலை அன்றைக்கே அங்கேயே புதைத்துவிட உத்தரவிட்டார். குழியும் வெட்டியாகிவிட்டது. தாய் விடவில்லை. உடல் சிகாகோவுக்குப் போனது. பெட்டியை மூடக் கூடாது, என் பிள்ளையை என்ன செய்திருக்கிறார்கள் என்று ஊர் பார்க்கட்டும் என்று அவர் முடிவெடுத்ததும், பல்லாயிரம் பேர் வரிசையில் வந்து பார்த்ததும், 'ஜெட்' பத்திரிகை படம் போட்டதும் உலகம் அறிந்தவை.

சம்னர் நீதிமன்றம் ஊரின் நடுச்சதுக்கத்தில் இருக்கிறது. செங்கல் கட்டடம், மணிக்கூண்டு மாதிரி ஒரு கோபுரம். வாசல் பக்கத்தில் உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்கப் போராடிய தென் மாநிலக் கூட்டமைப்பின் வீரர்களுக்கு ஒரு நினைவுச் சிலை. 1913-இல் வைத்தது. சதுக்கத்தில் கடைகள் பாதி மூடிக் கிடந்தன. பின்னால் காசிடி பாயூ என்னும் தேங்கிய ஓடை. 1955-இல் இந்த ஊருக்குள் வந்த நிருபர்கள் எல்லோரும் தவறாமல் குறித்துக்கொண்ட விளம்பரப் பலகை ஒன்று உண்டு. ஒரு பையனை வளர்க்கச் சம்னர் நல்ல இடம் என்று அதில் எழுதியிருந்ததாம்.

மாடியில் உள்ள நீதிமன்ற அறையை 1955-இல் இருந்தபடியே திருப்பி அமைத்திருக்கிறார்கள். இன்றும் அங்கே வழக்குகள் நடக்கின்றன. நாங்கள் போன அன்று வழக்கு ஏதும் இல்லை. ஜூரி உட்காரும் பன்னிரண்டு நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றோம். வாக்காளர் பட்டியலிலிருந்துதான் ஜூரியைத் தேர்ந்தெடுப்பார்கள். கவுண்டியில் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். ஆனால் அந்தப் பட்டியலில் ஒரே ஒரு கறுப்பினத்தவர் பெயர்கூடக் கிடையாது. ஆகவே பன்னிரண்டு பேரும் வெள்ளை ஆண்கள்.

செப்டம்பர் 19-இலிருந்து 23 வரை, ஐந்து நாள். கறுப்பினப் பத்திரிகையாளர்களுக்கு ஓரமாக ஒரு சீட்டாட்ட மேசையைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். மிச்சிகனிலிருந்து வந்த கறுப்பின நாடாளுமன்ற உறுப்பினர் சார்ல்ஸ் டிக்ஸும் அந்த மேசையில்தான் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மோசஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று, பையனைக் கொண்டுபோனவர்களைக் கையை நீட்டிக் காட்டினார். அவருக்கு 64 வயது. வாரத்துக்குப் பயிரிடும் விவசாயி. அந்த ஊரில் ஒரு கறுப்பினத்தவர் வெள்ளையரைக் கொலை வழக்கில் கைநீட்டிக் காட்டிவிட்டு வீடு திரும்ப முடியாது. வழக்கு முடிந்ததும் வயலில் நின்ற பருத்தியை அப்படியே விட்டுவிட்டு ரயிலேறிவிட்டார்.

ஜூரி 67 நிமிடம் ஆலோசித்தது. குற்றவாளிகள் இல்லை என்றது. நடுவில் சோடா குடிக்க நிறுத்தியிருக்காவிட்டால் அவ்வளவு நேரம்கூட ஆகியிருக்காது என்று ஜூரியில் ஒருவர் பிறகு சொன்னார்.

"அவ்வளவுதானா?" என்றான் மருமகன். "அவ்வளவுதான்" என்றேன். ஆனால் அவ்வளவுதான் இல்லை. நான் இந்த ஊருக்கு வர விரும்பியதே அதற்குப் பிறகு நடந்தவற்றுக்காகத்தான்.

கடை இருந்தது லெஃப்ளோர் கவுண்டி. பையனைத் தூக்கியதும் அங்கேதான். வழக்கு மட்டும் ஏன் டல்லஹாச்சியில் நடந்தது? உடல் கிடைத்தது இந்தக் கவுண்டியின் கரையில் என்பதால். அதை வைத்து ஸ்ட்ரைடர் வழக்கைத் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டார். இழுத்துக்கொண்டவரே பிறகு கூண்டில் ஏறி, கிடைத்த உடல் டில்லுடையதுதானா என்பதே சந்தேகம் என்று எதிர்த்தரப்புக்காகச் சாட்சி சொன்னார்.

கொலை நடந்த இடம் இரண்டு கவுண்டியிலும் இல்லை. 18 வயது வில்லி ரீட் நான்காம் நாள் சாட்சி சொன்னார். அன்று காலை சன்ஃப்ளவர் கவுண்டியில், ட்ரூ என்ற ஊருக்குப் பக்கத்தில், மைலமின் தம்பி நிர்வகித்த தோட்டத்துக் கொட்டகையிலிருந்து அடிக்கும் சத்தமும் அலறலும் கேட்டதாகச் சொன்னார். மைலமை அங்கே கண்ணால் பார்த்ததாகவும் சொன்னார். அந்தச் சாட்சியமும் ஜூரியிடம் எடுபடவில்லை. வில்லி ரீடும் சிகாகோவுக்குத் தப்பிப் போக வேண்டியதாயிற்று.

1956 ஜனவரியில் 'லுக்' பத்திரிகையில் வில்லியம் பிராட்ஃபோர்ட் ஹ்யூயி ஒரு கட்டுரை எழுதினார். விடுதலையான பிரையன்ட்டும் மைலமும் பணம் வாங்கிக்கொண்டு தாங்கள்தான் கொன்றோம் என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. ஆகவே பயம் இல்லை. ஆனால் அந்தக் கட்டுரையில் கொட்டகை இல்லை. கொட்டகை வந்தால் அங்கிருந்த மற்றவர்களும் வருவார்கள், அவர்களுக்கு விடுதலைத் தீர்ப்பின் பாதுகாப்பு கிடையாது. எனவே கொலை ஆற்றங்கரைக்கு நகர்ந்தது. ஆட்கள் இரண்டு பேராகக் குறைந்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு வரலாற்று நூல்களும் அதையே திருப்பிச் சொன்னதால், ட்ரூவுக்குப் பக்கத்துக் கொட்டகை வரைபடத்திலிருந்தே போய்விட்டது. தனியார் நிலத்தில், தட்டுமுட்டுச் சாமான் போட்டுவைக்கும் இடமாக இருந்தது. கொலைகாரர்கள் சொன்ன கதைப்படி ஒரு கவுண்டியின் நினைவிடங்கள் அமைந்தன என்பதை நான் அங்கே நின்றபோதுதான் முழுதாக உணர்ந்தேன்.

மதியம் கிளென்டோராவுக்குப் போனோம். மைலம் குடியிருந்த ஊர். பழைய பஞ்சு அரவை ஆலையை டில் நினைவு அருங்காட்சியகமாக்கியிருக்கிறார்கள். உடலோடு கட்டிய விசிறி அந்த ஆலையிலிருந்து வந்தது என்று ஊரார் சொல்கிறார்கள். ஊரில் பாதி வீடுகள் காலி. அங்கிருந்து டட்வைலர். எம்மெட்டின் உடலை வடக்கே அனுப்புவதற்கு முன் பதப்படுத்தியது இந்த ஊர் இறுதிச்சடங்குக் கூடத்தில். இதே ஊர் ரயில் நிலையத்தில்தான் 1903 வாக்கில், கத்தியைக் கம்பியில் அழுத்தி கிட்டார் வாசித்த ஒருவரின் இசையை டபிள்யூ. சி. ஹேண்டி கேட்டார். ப்ளூஸ் இசையின் பிறப்பைச் சொல்லும்போதெல்லாம் சொல்லப்படும் கதை. ஹார்மோனிகா மேதை சன்னி பாய் வில்லியம்சனின் கல்லறையும் ஊருக்கு வெளியே இருக்கிறது. இசைக்காக வரும் பயணிகள் கல்லறையில் ஹார்மோனிகா வைத்துவிட்டுப் போகிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு தனியார் சிறைச்சாலை. பருத்தி கொடுக்காத வேலையை இப்போது அது கொடுக்கிறது.

வெயில் சாயும்போது ஆற்றுக்குப் போனோம். தார்ச்சாலை முடிந்து சரளைக்கல் பாதை. இரு பக்கமும் வயல், கடைசியில் மரங்கள். கிராபால் லேண்டிங் என்று பெயர். உடல் இந்தப் பக்கத்தில் கரை சேர்க்கப்பட்டதாக நம்பப்படுகிறது. அங்கே ஒரு பலகை.

முதல் பலகையை 2008-இல் வைத்தார்கள். யாரோ பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஆற்றில் எறிந்திருப்பார்கள் என்பது ஊரின் ஊகம். இரண்டாவது பலகையைச் சுட்டார்கள். ஒரு நாளில் ஒருவர் செய்ததில்லை, ஆண்டுக்கணக்கில் பலர் வந்து வந்து சுட்டிருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தபோது 317 துளைகள். மூன்றாவதை 2018-இல் வைத்தார்கள். 35 நாளில் முதல் குண்டு விழுந்தது. அதன் முன்னால் துப்பாக்கியோடு நின்று சிரிக்கும் மூன்று பல்கலைக்கழக மாணவர்களின் படம் 2019-இல் வெளியே வந்தது. அந்த அக்டோபரில் நான்காவது பலகை. 500 பவுண்ட் எஃகு, குண்டு துளைக்காதது, கண்காணிப்புக் கருவியோடு. அடுத்த மாதமே வெள்ளை இனவாதிகளின் கூட்டம் ஒன்று கொடியோடு வந்து அதன் முன் நின்று படம் பிடிக்க முயன்று, எச்சரிக்கை மணி அலறியதும் ஓடியது. துளைபட்ட இரண்டாவது பலகையை வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகம் 2021-இல் காட்சிக்கு வைத்தது.

நான் பலகையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் சுட்டது. ஆறு பழுப்பு நிறத்தில் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. பெராக் ஆறு மாதிரி அகலம் இல்லை.

பலகைகளை வைத்தவர்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். ஜெரோம் லிட்டில் என்பவர் டல்லஹாச்சி மேற்பார்வைக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவர். அவர் முயற்சியில் ஒரு நினைவுக் குழு அமைந்தது. ஒன்பது கறுப்பினத்தவர், ஒன்பது வெள்ளையர். 2007 அக்டோபர் 2-ஆம் தேதி சம்னர் நீதிமன்றத்தின் முன் நின்று, இந்தக் கவுண்டி நீதி செய்யத் தவறியது என்று டில்லின் குடும்பத்தாரிடம் தீர்மானம் வாசித்தார்கள். வழக்கு முடிந்து 52 ஆண்டுகள். மேமி டில் 2003-இலேயே காலமாகிவிட்டார்.

இதில் மனசாட்சி மட்டும் வேலை செய்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நீதிமன்றக் கட்டடம் சிதிலமாகிக் கிடந்தது. பழுது பார்க்கக் கவுண்டியிடம் காசு இல்லை. நீதிமன்றம் போய்விட்டால் சம்னரும் போய்விடும். டில் வழக்கு நடந்த கட்டடம் என்றால் நிதி கேட்கலாம், பயணிகள் வருவார்கள். நினைவும் பிழைப்பும் ஒரே வண்டியில் ஏறின. லெஃப்ளோர் பக்கத்தில் இதன் கோணலான வடிவத்தையும் பார்க்கலாம். மனியில் அந்த மளிகைக் கடை கூரை போய், கொடி படர்ந்து இடிந்துகொண்டிருக்கிறது. அதை ஒட்டிய பழைய பெட்ரோல் நிலையத்தை, குடியுரிமைப் போராட்ட வரலாற்று நிதியிலிருந்து இரண்டு லட்சம் டாலருக்கு மேல் செலவிட்டு அழகாகப் புதுப்பித்திருக்கிறார்கள். அந்தப் பெட்ரோல் நிலையத்தில் எதுவும் நடக்கவில்லை.

இருந்தாலும் எனக்கு இதில் குறை சொல்ல வாய் வரவில்லை. கட்டடத்துக்காகச் சேர்ந்த பதினெட்டுப் பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து, எந்தச் சொல்லைப் போடுவது, மன்னிப்பா வருத்தமா என்று சண்டை போட்டுத்தான் அந்தத் தீர்மானத்தை எழுதினார்கள். அதே கவுண்டியில் சார்ல்ஸ்டன் உயர்நிலைப் பள்ளி 1970-இலேயே இரு இனப் பிள்ளைகளுக்கும் பொதுவாகிவிட்டது. ஆனால் படிப்பு முடிக்கும் மாணவர்களின் நடன விருந்து மட்டும் கறுப்பினத்தவருக்கு ஒன்று, வெள்ளையருக்கு ஒன்று என்று 2008 வரை தனித்தனியாகவே நடந்தது. அந்த ஊரில் வசிக்கும் நடிகர் மார்கன் ஃப்ரீமன், சேர்ந்து நடத்தினால் செலவை நான் ஏற்கிறேன் என்று 1997-இலேயே சொல்லியிருந்தார். பதினொரு வருஷம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்படிப்பட்ட கவுண்டியில் அந்த மேசை சாதாரணக் காரியம் இல்லை.

2023 ஜூலை 25, எம்மெட் உயிரோடிருந்தால் 82 வயது முடிந்திருக்கும் நாளில், சம்னர் நீதிமன்றமும் கிராபால் லேண்டிங்கும் சிகாகோவில் இறுதிச்சடங்கு நடந்த தேவாலயமும் சேர்ந்து தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. பெயரில் மகனோடு தாயும் இருக்கிறார். வெப்பில் பிறந்த பெண் அரசாங்க ஏட்டில் ஊர் திரும்பினார்.

திரும்பும் வழியில் இருட்டிவிட்டது. பையன் வெகுநேரம் பேசாமல் ஓட்டினான். பிறகு, "இத்தனை தடவை சுட்டும் திருப்பித் திருப்பி வைக்கிறாங்களே மாமா" என்றான். நான் அவனுக்கு எங்கள் பெரிய தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். என் தாத்தாவின் அண்ணன். ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். திரும்பவில்லை. எந்த முகாம், எந்த மாதம், யார் புதைத்தார்கள் எதுவும் தெரியாது. லாரி நின்ற இடம் தெரியும். பிரட்டுக்களத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரம் என்று பாட்டி சொல்லியிருக்கிறாள். பிரட்டுக்களமும் இல்லை, மரமும் இல்லை, லயமும் இல்லை. கித்தா போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. சாலைகளுக்கெல்லாம் பூக்களின் பெயர்.

"அங்க பலகை எதுவும் இல்லையா?"

"இல்லைடா."

"அப்போ சுடறதுக்கும் ஒண்ணும் இல்லை" என்றான்.

அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. எனக்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. ஒரு கவுண்டி தன் அவமானத்தை 317 துளைகளோடு எண்ணி வைத்திருக்கிறது. நாங்கள் அவமானப்படக்கூட ஓர் இடத்தை மிச்சம் வைக்கவில்லை. ஊருக்கு வந்ததும் அம்மாவிடம் உட்கார்ந்து, அவருக்கு நினைவிருந்த வரைக்கும் அந்தத் தோட்டத்தின் படத்தை ஒரு தாளில் வரையச் சொன்னேன். கோயில், ஒட்டுக்கடை, ஆலயக்குளம், பிரட்டுக்களம். மரம் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் அவருக்கும் சித்திக்கும் இன்னும் தகராறு தீரவில்லை.